தலைமையாசிரியர் மாறும்போது வராத பிள்ளைகளின் கணக்கு யாரிடம் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூருக்கு மேற்கே, தென்பெண்ணைக் கரையோர ஊர் ஒன்றின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் பெற்றோரை அழைத்து இரண்டு செய்திகளைச் சொன்னார்கள். தலைமையாசிரியை பதவி உயர்வில் வேறு ஒன்றியத்துக்குச் சென்றுவிட்டதால் உடன் பணியாற்றிய ஆசிரியையே பொறுப்புத் தலைமையாசிரியையாக இருப்பார் என்பது ஒன்று. ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மாணவர் வருகை விழுக்காடு மற்றொன்று. தனித்தனியாக அறிவிக்கப்பட்ட இவ்விரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வருகையைப் பற்றி. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் தொண்ணூறு விழுக்காடு வருகை என்றால் நாள்தோறும் மூவர் வரவில்லை என்று பொருள். இன்று காய்ச்சலில் மூவர், நாளை உறவினர் திருமணத்துக்குச் சென்ற வேறு மூவர் என்றால் கவலையில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான் வருவதில்லை, அது கரும்பலகையில் எழுதிய விழுக்காட்டில் தெரியவில்லை. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களை வகுத்திருக்கிறது. வாரம் ஒரு நாள் மட்டும் தவறும் குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40 நாள்கள் போகின்றன. ஐந்தாண்டில் அது முழுதாக ஒரு கல்வியாண்டு. நான்காம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் பார்த்து மந்தம் என்கிறோமே, அப்பிள்ளை எத்தனை நாள் வகுப்பில் இருந்தது என்று எண்ணிப் பார்த்தோமா?

இதை எண்ணிப் பார்த்தவர், சென்றுவிட்ட தலைமையாசிரியை. காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்களிடம் யார் சாப்பிட வரவில்லை என்று அவர் முதலில் கேட்டுக்கொள்வார். பாட வேளைக்கு முன்பே யார் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் ஊரிலிருந்து பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குச் செல்வது வழக்கம். சென்ற ஆண்டு அப்படிப் புறப்பட்ட ஒரு தம்பதியிடம் இரண்டு மாலைகள் பேசி, அவர்களுடைய மகனைப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்லும்படி செய்தவர் அவர்தான். அச்சிறுவன் இன்று என் மகளுக்கு அடுத்த வகுப்பில் படிக்கிறான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்து வடிந்த பின், புத்தகமும் சீருடையும் போனதால் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்த பிள்ளைகளையும் அவர் ஒவ்வொருவராக அழைத்து வந்தார்.

பொறுப்பு ஒப்படைக்கும்போது ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தளவாடச் சாமான்கள், சாவிக்கொத்து என எல்லாம் எண்ணிக் கையெழுத்தாகின்றன. எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை, அதற்கு இதுவரை என்ன செய்யப்பட்டது என்ற விவரத்துக்கு அந்த ஒப்படைப்பில் இடமே இல்லை. கைபேசிச் செயலியில் நாள்தோறும் வருகை பதிவாகிறது என்பார்கள். வரவில்லை என்பது அதில் இருக்கும், தாய் மருத்துவமனையில் இருப்பதால் தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது இருக்காது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போய்விட்ட பின், ஐந்து வகுப்புகளையும் அலுவலக வேலையையும் ஒருவரே சுமக்கும் அந்த ஆசிரியை வீடு வீடாகச் சென்று விசாரிப்பார் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர்மீது குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியர்களுக்கு, பிள்ளைகளின் படிப்பு தடைப்படக் கூடாது என்பதற்காகவே, ஆண்டு முடியும் வரை மறுநியமனம் வழங்கப்படுகிறது. அதே அக்கறையோடு, ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து பதவி உயர்வு பெறுவோரையும் ஆண்டிறுதியில் விடுவிக்கலாம். இயலாதபோது மாற்று ஆசிரியர் வந்து சேர்ந்த பிறகாவது விடுவிக்கலாம். அதுவும் இயலாதெனில், அடிக்கடி வராத பிள்ளைகளின் பெயர், காரணம், எடுத்த முயற்சி ஆகியவை அடங்கிய ஒரு பட்டியலையாவது பொறுப்பு ஒப்படைப்பில் சேர்க்க வேண்டும். அப்பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வாசிக்க வேண்டியதில்லை, வாசிக்கவும் கூடாது. வறுமையைப் பெயர் சொல்லிப் படித்தால் அக்குடும்பங்கள் பள்ளிப் பக்கமே வரமாட்டா. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவதற்கு மட்டுமா? ஆளுக்கு மூன்று வீடு என்று பிரித்துக்கொண்டு சென்று வர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

பழைய தலைமையாசிரியையிடம் அந்த விவரங்களைக் கேட்டு எழுதி வாங்கித் தருமாறு வட்டாரக் கல்வி அலுவலரிடம் குழுவின் சார்பில் மனு கொடுத்திருக்கிறோம். பொங்கல் கழிந்த வாரத்திலேயே சூளைக்கு ஆள் ஏற்றும் வண்டிகள் எங்கள் ஊருக்கு வந்துவிடும். அதற்கு முன் அப்பட்டியல் எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்.