மாடி ரூமைக் காலி செய்வது பற்றி

கோவில்பட்டி
சித்திரை 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. மாத்திரையை மட்டும் நான் எடுத்துக் கையில் கொடுத்தால்தான் போடுகிறாள். தம்பிக்கு இடமாற்றம் இல்லை என்று முடிவாகிவிட்டது, இங்கேயேதான் இருப்பான். அங்கே உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

போனில் சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பிப்பதற்குள் நீ "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். உங்கம்மா வேறு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அவள் இருக்கும்போது எல்லாம் பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். மாடி ரூமைக் காலி செய்யச் சொல்கிறான் தம்பி. சின்னவள் பத்தாம் வகுப்புப் போகிறாள், உட்கார்ந்து படிக்க ஒரு ரூம் வேண்டும். வைகாசியில் பெயிண்டரை வரச்சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டான். அதனால் கேசட், ரிக்கார்டு, கேசட் ஓட்டுகிற டெக், ரிக்கார்டு ஓட்டுகிற சேஞ்சர் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு கட்டியாக வேண்டும். "எல்லாம் போன்ல கிடைக்குதேப்பா, எதுக்கு இந்தக் குப்பை" என்கிறான். அவனைக் காலேஜில் படிக்க வைத்த குப்பை. சொன்னால் கோபித்துக்கொள்வான், சொல்லவில்லை.

அவன் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. நம் ரெக்கார்டிங் கடையில் நான் கேசட்டில் பதிந்துகொடுத்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு சினிமாப் பாட்டுதான். இன்றைக்குப் போனில் அது அதைவிடத் தெளிவாக வருகிறது. ரிக்கார்டிலிருந்து கேசட்டுக்கு இறக்கும்போதே கொஞ்சம் போய்விடும். அதற்கு மேல், கஸ்டமர் கொண்டுவருகிற கேசட் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். புது கேசட் வாங்கக் காசிருக்காது. பழைய பக்திப்பாட்டு கேசட்டின் முதுகில் இருக்கிற ஓட்டையில் செல்லோடேப்பை ஒட்டி, "இதுலயே போட்டுக் கொடுங்கண்ணே" என்பார்கள். அதில் அழிந்தும் அழியாமலும் சாமிப்பாட்டு அடியில் கேட்கும். அதையெல்லாம் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்?

ஆகவே கேசட்டைப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் பூஞ்சை. டேப் சுற்றின் மேல் வெள்ளையாகப் பவுடர் பூத்தது மாதிரி இருக்கிறது. அதை ஓட்டினால் டெக்கில் டேப்பைப் படிக்கிற ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். சிலதில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு உதிர்ந்துபோயிருக்கிறது. ஸ்க்ரூ போட்ட கேசட் என்றால் திறந்து, சுருளை மட்டும் எடுத்து வேறு கூட்டுக்குள் மாற்றிவிடலாம். ஒட்டி மூடினது என்றால் உடைக்கத்தான் வேண்டும். எனக்குக் கை நடுங்குகிறது. இப்போது அந்த வேலையைச் சின்னவள்தான் செய்கிறாள். உன்னைப் போல அவளுக்குப் பொறுமை இல்லை.

உன்னைப் போல என்று சும்மா சொல்லவில்லை. அந்த நோட்டு கிடைத்தது. மூன்று நிமிஷத்துக்குள் முடிகிற பாட்டு நோட்டு. அறுபது நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். ஆறு பாட்டு போட்டால் கடைசியில் இரண்டு மூன்று நிமிஷம் டேப் மிஞ்சும். ஏழாவது பாட்டைப் போட்டால் பாதியில் அறுந்துவிடும், கஸ்டமர் திட்டுவான். காலியாக விட்டால் காசுக்குக் குறைச்சல் என்பான். அந்த மிச்சத்துக்கென்று குட்டிப் பாட்டாகத் தேடித் தேடி, நிமிஷம் செகண்டோடு எழுதி வைத்தவள் நீ. அப்போது நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. நெல்லையில் பெரிய பெரிய ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர்கள்கூட என்னிடம் அந்த லிஸ்டைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அந்தத் தலை இன்றைக்கு மெல்பர்னில் ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிறது என்று நான் டீக்கடையில் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போட மட்டும் அந்தத் தலைக்கு ஞாபகம் வருவதில்லை. சரி, விடு.

வாங்க வராதவர்களின் கேசட்டும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்து, லிஸ்ட் கொடுத்து, அப்புறம் வரவே இல்லை. முக்கால்வாசியும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகள். கோடு போட்ட நோட்டுத்தாளில் பத்துப் பாட்டு எழுதி, கீழே "மிச்சம் இடம் இருந்தால் அண்ணன் பார்த்து நல்லதாகப் போடவும்" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். கல்யாணம் முடிந்து எந்த ஊருக்குப் போனாளோ. அந்த லிஸ்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், கேசட்டைப் போட்டுவிட்டேன். பாட்டு எங்கேயும் கிடைக்கும்.

எங்கேயும் கிடைக்காதது என்று பார்த்தால் ஒரு ஷூ பெட்டிக்குள் அடங்கிவிட்டது. ஊர்க் கொடை வில்லுப்பாட்டு, உன் ஆச்சியின் தாலாட்டும் ஒப்பாரியும், பெரியப்பா மைக் செட்டில் பேசினது, நீ ஸ்கூல் போட்டியில் பாடினது. இதையெல்லாம் தம்பியின் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். ஆடாசிட்டி என்று ஒரு சாஃப்ட்வேர், இலவசம்தான். தொண்ணூறு நிமிஷ கேசட் என்றால் தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்து ஓட்ட வேண்டும், அதில் அவசரம் நடக்காது. உனக்கும் பென் டிரைவில் போட்டு அனுப்புகிறேன்.

அடுத்தது ரிக்கார்டு. சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், முப்பது வயதுகூட இருக்காது. ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவி, டியூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பிடித்துக் கீறல் பார்த்தார். பெரியப்பாவின் மைக் செட்டில் ஓடினதையெல்லாம் ஒதுக்கிவிட்டார். கல்யாண வீட்டில் குழாய் கட்டி மொட்டை ஊசியால் ஓட்டின பிளேட்டு, பள்ளமே தேய்ந்திருக்கும், அவரைக் குறை சொல்ல முடியாது. எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா ரிக்கார்டுகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கேசட் வந்த பிறகு ரிக்கார்டு வாங்குகிற ஆள் குறைந்து, 90களில் நம் நாட்டில் அச்சடிப்பதே மெல்ல நின்றுபோனது இல்லையா, அதனால் கடைசிக் காலத்தில் வந்ததற்குத்தான் இப்போது கிராக்கியாம். நான் நாற்பது ஐம்பது ரூபாய்க்கு வாங்கினதுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு உங்கம்மா இரண்டாவது காபி போட்டுக்கொடுத்தாள். கேசட்டை மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னுடையதைக் கொடுத்துவிட்டேன் பாப்பா. வருத்தம் இல்லை. கடைக்காக வாங்கினது, கடை மூடியாயிற்று. அவர் வீட்டில் அது ஓடும். இங்கே சேஞ்சரின் ரப்பரே இறுகிப்போய் நிமிஷத்துக்கு முப்பத்துமூன்று சுற்று ஓட வேண்டியது இழுத்து இழுத்து ஓடுகிறது.

ஆனால் மாப்பிள்ளையின் பெட்டியை அவரிடம் காட்டவில்லை.

அதைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். உங்கள் இரண்டு பேரின் சாமானில் விமானத்துக்கு எடை கூடிவிட்டதென்று இங்கே விட்டுப்போனது. எல்பி என்கிற பெரிய ரிக்கார்டு எண்பது இருக்கும், அதுவே இருபது கிலோ. அப்புறம் அந்த 78கள், நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய அரக்கு ரிக்கார்டுகள். மாடியில் அக்னி நட்சத்திர வெயிலில் ரிக்கார்டு வளைந்துவிடும் என்று போன வருஷமே கீழே இறக்கி, பீரோவுக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி வைத்தேன். படுக்கப்போட்டு அடுக்கக் கூடாது என்று அவரே எனக்குச் சொல்லிவிட்டுப் போனவர்.

போன மாதம் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "மாமா, அந்த ரிக்கார்டுகள் எனக்குத் தேவைப்படாது, யாருக்காவது கொடுத்துவிடுங்கள், இத்தனை நாள் இடத்தை அடைத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்" என்று. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வந்திருக்கிறது. அப்படியென்றால் அங்கே விடிகாலை. உங்கம்மாவிடம் நான் காட்டவில்லை. "சரி மாப்பிள்ளை, பார்க்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன்.

அந்தப் பெட்டியை அவர் எப்படிச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியும். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகளில் சனிக்கிழமை சனிக்கிழமை போய்த் தூசியில் உட்கார்ந்து பொறுக்கினது. நம் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்று கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே மாடிக்கு ஏறி வந்தார். நான் நாதஸ்வரம் காருகுறிச்சியாரின் 78 ஒன்றைப் போட்டிருந்தேன். ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும், ராகம் பாதியில் நிற்கும். நான் எழுவதற்குள் அவரே தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்து, விளிம்பைப் பிடித்துத் தூக்கித் திருப்பிப் போட்டார். அரக்குப் பிளேட்டு, கை தவறினால் சில்லு சில்லாகிவிடும் என்பது தெரிந்த பிடி. காருகுறிச்சியாருக்குக் கோவில்பட்டியில் சிலை வைத்திருக்கிறோம், 1964இல் இறந்துபோன அந்த மனிதரின் வாசிப்பில் எந்த இடத்தில் பக்கம் திரும்பும் என்று சொல்ல இந்த ஊரிலேயே நாலு பேர் இருக்க மாட்டார்கள். கீழே இறங்கி வந்து உங்கம்மாவிடம் "பையன் சரி" என்றேன். ஜாதகத்தைக்கூட அப்புறம்தான் பார்த்தோம்.

நான் எதையும் கேட்கவில்லை. தீபாவளிப் பார்சலுக்கு நீ வேறு முகவரி கொடுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்றாய், நல்லதுதான், நைட் டியூட்டி முடித்துத் தூரம் போக வேண்டாம். பொங்கலுக்கு வீடியோவில் வந்தபோது மாப்பிள்ளை வேலையில் இருக்கிறார் என்றாய். அதுவும் சரி. முன்பெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை "மாமா, இது எந்த வருஷத்து பிரஸ்ஸிங்" என்று எதையாவது போட்டோ எடுத்து அனுப்புவார். எனக்குப் பேச ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

மே மாதம் வருகிறேன் என்றாய் போன வருஷம். அதற்கும் முந்தின வருஷமும் சொன்னாய். உங்கம்மா உன் கட்டிலில் வேறு யாரையும் படுக்க விடுவதில்லை. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. வெளிநாட்டில் தனியாக நின்று சம்பாதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? உன் தைரியம் எனக்கு இருந்திருந்தால் எம்பி3 சிடி வந்தபோது கடையை மூடிவிட்டு மெட்ராஸ் போய் ஏதாவது செய்திருப்பேன்.

பெட்டி விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். கொடுத்துவிட்டால் அதே பிளேட்டு திரும்பக் கிடைக்காது. ஒரு கோபத்தில், ஒரு அலுப்பில் கொடு என்று சொல்கிறவர்களை என் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்து "அண்ணே, அந்த கேசட் இருக்கா" என்பான். அதனால் கொடுக்கவில்லை. பீரோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கொடு என்று நீயும் சொன்னால் அப்போது பார்க்கலாம். அனுப்பு என்றால் அனுப்புகிறேன். எந்த முகவரிக்கு என்று மட்டும் சொல். ஒரே முகவரியா, அவருக்குத் தனியாகவா என்று நான் கேட்க மாட்டேன், நீ எழுதுகிறபடி பெட்டி மேல் எழுதுவேன்.

எக்கோ ரிக்கார்டு விற்ற பணத்தை உன் பழைய பேங்க் அக்கவுண்டில் போட்டிருக்கிறேன். தம்பிக்குத் தெரியும், அவனும் சரி என்றான். போகவர டிக்கெட்டுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது, ஒரு வழிக்கு நிச்சயம் ஆகும். தனியாக வந்தாலும் வா, இரண்டு பேராக வந்தாலும் வா. இங்கே வந்து நீ யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். உங்கம்மாவுக்கும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. டியூட்டி முடிந்து வந்ததும் இரண்டு தோசையாவது ஊற்றிச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போவாள். ஐந்தரையிலிருந்து ஏழு வரை வீட்டில் நான் மட்டும்தான். உனக்கு அப்போது ராத்திரி பத்து மணி. அந்த நேரத்துக்குக் கூப்பிட்டால் ஸ்பீக்கர் இல்லாமல் பேசலாம். பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றில்லை.

அன்புடன்,
அப்பா

பி.கு. அம்மா கடலைமிட்டாயும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். இரண்டு பங்காகத்தான் கட்டியிருக்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை.