தண்ணியில்லாக் காட்டுக்கு மூன்று லிட்டர் யோசனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தைத் திங்கள் சாயங்காலம் படித்தேன். பாம்பனில் உங்கள் ஞாயிறு திங்களன்றுதான் விடியும். அது கிடக்கட்டும்.

'வயதானால் சிறுநீரகம் தளர்வது இயற்கை. தினமும் மூன்று லிட்டர் தண்ணீரும் சால்மன் மீனும் போதும்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கே குடம் 12 ரூபாய்க்குத் தள்ளுவண்டியை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறோம். சால்மன் என்று எழுதிய கைக்குச் சூடை, நெத்திலி என்று எழுத வரவில்லை போலும்.

'இயற்கை' என்ற சொல்தான் உறுத்துகிறது. என் அக்காவுக்கு 68 வயது. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மன்னார் வளைகுடாத் தீவுகளில் நாற்பது வருஷம் கடல்பாசி எடுத்தவள். ஒதுங்க இடமில்லை என்பதால் விடிகாலை முதல் மத்தியானம் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க மாட்டாள். முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, நாளைக்கு இரண்டு, பத்து வருஷமாக. ஈறில் சீழ், பாறை கிழித்த காலில் ஆறாத புண், சர்க்கரை வேறு. இந்த நாள்பட்ட அழற்சி உமியில் பிடித்த நெருப்பாகக் கனிந்து சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். கெட்ட சிறுநீரகம் கழிவை வெளியேற்ற முடியாமல் அதே நெருப்பை ஊதிவிடும். வலி மாத்திரையோ சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். உங்களுக்குத் தெரியாததா? இதில் எது ஐயா இயற்கை?

மூன்று வருஷமும் அவள் ரத்தத்தில் கிரியாட்டினின் (சதையிலிருந்து வரும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.1, 'நார்மல்' என்றே திருப்பி அனுப்பினார்கள். மெலிந்த கிழவிக்குச் சதை குறைவு. சதை குறைந்தால் கிரியாட்டினினும் குறைத்துத்தான் காட்டும். மதுரையில் ஒரு டாக்டர்தான் அவள் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 55 என்றார். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றாலே அது சிறுநீரக நோயாம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரிக்குத் தண்டனை என்றால் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்' என்று ராமநாதபுரத்தை வைத்து நகைச்சுவைத் துணுக்கு போடுவீர்கள். 2025 ஏப்ரலில் பாம்பன் புது ரயில் பாலம் திறந்தபோது பக்கம் பக்கமாகப் படம் போட்டீர்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கு மருத்துவ முகாம் வேண்டும் என்று நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு மட்டும் இடமில்லை. முப்பது வருஷம் ஊரார் கடிதங்களைச் சேரவேண்டிய கையில் சேர்த்தவன் நான். என் கடிதம் சேர்ந்ததா என்றே தெரியவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மலரில் உள்ளங்கையளவு ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்: 60 வயதைத் தாண்டியவர்கள் கிரியாட்டினின் பார்க்கும்போது இ.ஜி.எஃப்.ஆரும் சிறுநீர் அல்புமினும் கேட்டு வாங்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை விழுங்கக் கூடாது. எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அக்காவுக்குக் கண்ணும் மங்கல். திங்களன்று வந்ததும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரன்,
பாம்பன்.