1975க்கு முந்தைய ஸ்பிரிங்ஸ்டீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனைப் பற்றி வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று அவருக்காக அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அக்கட்டுரை அவருடைய இசை வாழ்க்கையை 1975ஆம் ஆண்டின் ‘பார்ன் டு ரன்’ ஆல்பத்திலிருந்து தொடங்கி, அதற்கு முன் வந்த இரண்டு ஆல்பங்களையும் ‘விற்பனையாகாத ஆரம்ப முயற்சிகள்’ என்று மூன்றே சொற்களில் கடந்துவிட்டது. விற்பனையாகவில்லை என்பது உண்மைதான். அவற்றை வெறும் முயற்சிகள் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

நியூஜெர்சி மாநிலத்தின் ஃப்ரீஹோல்டு நகரில் வளர்ந்த ஸ்பிரிங்ஸ்டீன், 1972 மே மாதம் தன் மேலாளர் மைக் அப்பெலுடன் நியூயார்க் சென்று, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் ஜான் ஹாமண்ட் முன்னிலையில் ஒற்றைக் கிதாருடன் பாடிக் காட்டினார். தனித்துக் கிதாருடன் பாடிப் புகழ்பெற்ற பாப் டிலனை அந்நிறுவனத்துக்குக் கொண்டுவந்தவரும் இதே ஹாமண்ட்தான். கையில் கிதாருடன் சொற்களை மழையாகக் கொட்டிய 22 வயது இளைஞரிடம் அவர் ஒரு தனிப்பாடகரைக் கண்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த இளைஞர் அதற்கு முன் பல ஆண்டுகள் நியூஜெர்சிக் கடற்கரையின் இரவு மன்றங்களில் மின்கிதாரை அலறவிட்டு இசைக்குழு நடத்தியவர். நிறுவனம் தனிக்குரலை எதிர்பார்க்க, அவரோ தன் ஊர் நண்பர்களை ஒலிப்பதிவுக்கு அழைத்துவந்தார். 1973 ஜனவரி 5 அன்று வெளிவந்த ‘கிரீட்டிங்ஸ் ஃப்ரம் ஆஸ்பரி பார்க், நியூஜெர்சி’ இந்த இழுபறிக்கு நடுவே பிறந்தது. ஒன்பது பாடல்களிலும் அந்த இழுபறியைக் கேட்க முடியும். ‘மேரி குயீன் ஆஃப் ஆர்கன்சா’ போல, கிதாரோடு அவர் தனித்துப் பாடும் இடங்களில் ஆல்பம் தொய்வடைகிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த இரண்டு பாடல்கள் உருவான விதமே சுவையானது. முதலில் பதிவுசெய்து கொடுத்தவற்றைக் கேட்ட நிறுவனத் தலைவர் கிளைவ் டேவிஸ், வானொலியில் ஒலிபரப்பத் தகுந்த பாடல் ஒன்றுகூட இல்லை என்றார். ஸ்பிரிங்ஸ்டீன் ஊர் திரும்பி, ‘பிளைண்டட் பை த லைட்’, ‘ஸ்பிரிட் இன் த நைட்’ என்ற இரண்டையும் எழுதி வந்தார். கிளாரன்ஸ் கிளெமன்ஸின் சாக்ஸபோன் இந்த ஆல்பத்தில் ஒலிப்பது இந்த இரண்டில் மட்டும்தான். பின்னாளில் உலகமே அடையாளம் கண்டுகொண்ட அந்த ஊதலின் தொடக்கம் அங்கே இருக்கிறது. முதல் பாடலை எழுதும்போது இயைபுச் சொற்களின் அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்ததாக அவரே கூறியிருக்கிறார். நம் யாப்பில் பெரும்பாலும் அடியின் ஈற்றில் வரும் இயைபை, அவர் ஒரே அடிக்குள் மூன்று நான்கு இடங்களில் இறைத்திருப்பதைக் கேட்டால் அந்த அகராதி எவ்வளவு உழைத்திருக்கும் என்று புரியும். அவருடைய குரலில் எடுபடாத இப்பாடலை மான்ஃப்ரெட் மான்ஸ் எர்த் பேண்ட் என்ற பிரிட்டிஷ் குழு மறுபடி பாடியபோது, 1977 பிப்ரவரியில் அது அமெரிக்காவின் பில்போர்டு ஒற்றைப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலின் உச்சியை ஸ்பிரிங்ஸ்டீன் தன் பெயரில் வெளியான பாடலால் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

முதல் ஆண்டில் இந்த ஆல்பம் விற்றது சுமார் 25,000 பிரதிகள். ‘புதிய டிலன்’ என்று செய்யப்பட்ட விளம்பரம் அவருக்கு நன்மையைவிடத் தீமையே செய்தது என்பது என் கருத்து. வானொலிக்காரர்களும் விமர்சகர்களும் பாடலைக் கேட்கும் முன்பே ஒப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

நான் உண்மையில் வாதாட விரும்புவது, அதே ஆண்டு நவம்பரில் வெளிவந்த ‘த வைல்டு, தி இன்னொசென்ட் அண்ட் தி ஈ ஸ்ட்ரீட் ஷஃபில்’ என்ற இரண்டாம் ஆல்பத்துக்காக. ஈ ஸ்ட்ரீட் என்பது நியூஜெர்சியின் பெல்மார் ஊரில், பியானோ வாசித்த டேவிட் சான்ஷஸின் தாயார் வசித்த தெரு. குழுவுக்கே பின்னர் அந்தத் தெருவின் பெயர் நிலைத்தது. மொத்தம் ஏழே பாடல்கள். அவற்றில் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிறைப்பவை மூன்று. ‘இன்சிடென்ட் ஆன் 57த் ஸ்ட்ரீட்’ பாடலின் இறுதியில் பியானோ தனித்து ஒலித்து அடங்கும் முன்பே ‘ரோசலிட்டா’ தொடங்கிவிடுகிறது. அதன் ஆரவாரம் ஓய்ந்ததும், சான்ஷஸின் நீண்ட பியானோ முன்னிசையுடன் ஏறக்குறைய பத்து நிமிட ‘நியூயார்க் சிட்டி செரினேட்’ எழுகிறது. இந்த 25 நிமிடங்களுக்கு நிகரான ஒரு தொடர்ச்சியை அவருடைய பிற்கால ஆல்பங்களில் நான் கேட்டதில்லை. ஜாஸ், சோல், லத்தீன் தாளம், தெருக்கூட்டத்தின் பேச்சொலி எல்லாம் அதில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு செல்கின்றன. வின்னி லோப்பஸின் டிரம்ஸ் தாளத்தைக் கட்டிப்பிடிக்காமல், பாடலோடு சேர்ந்து தள்ளாடுகிறது. குறை என்று பலர் சொல்லும் அந்தத் தள்ளாட்டத்தில்தான் இந்த ஆல்பத்தின் உயிர் இருப்பதாக நான் கருதுகிறேன். ‘ரோசலிட்டா’வின் நாயகன், இசைத்தட்டு நிறுவனம் தனக்குப் பெரிய முன்பணம் கொடுத்துவிட்டதாகக் காதலியிடம் பெருமையடித்து, தன்னை விரும்பாத அவளுடைய தந்தையிடம் போய்ச் சொல்லச் சொல்கிறான். முதல் ஆல்பம் கடைகளில் தேங்கிக் கிடந்த காலத்தில், அடுத்த வாய்ப்பு உறுதியில்லாத ஒருவர் இதை இவ்வளவு குதூகலத்துடன் பாடியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

1973 மே மாதமே கிளைவ் டேவிஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்ததால், இரண்டாம் ஆல்பம் முடிந்தபோது நிறுவனத்துக்குள் ஸ்பிரிங்ஸ்டீனுக்காகப் பேச ஆள் குறைந்திருந்தது. புதிய பொறுப்பாளர் ஒருவர், கூலிக்கு வாசிக்கும் தேர்ந்த கலைஞர்களைக் கொண்டு அனைத்தையும் மறுபடி பதிவுசெய்யச் சொன்னதாகவும் தாம் மறுத்துவிட்டதாகவும் ஸ்பிரிங்ஸ்டீன் தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். மறுத்ததற்கான விலையை அவர் கொடுத்தார். ஆல்பத்தை முன்னிறுத்த நிறுவனம் அக்கறை காட்டவில்லை.

பிறகு ‘பார்ன் டு ரன்’ வெற்றி பெற்ற கதையைத் தங்கள் கட்டுரை சரியாகவே சொல்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டது. 1974 மே மாதம் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் அவருடைய மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, ராக் அண்ட் ரோலின் எதிர்காலத்தைக் கண்டேன் என்று இசை விமர்சகர் ஜான் லாண்டாவ் எழுதிய நாளில், ஸ்பிரிங்ஸ்டீனின் பெயரில் கடைகளில் இருந்தவை இந்த இரண்டு ஆல்பங்கள் மட்டுமே. அந்த ஆண்டு பிப்ரவரியில் லோப்பஸ் விலகினார். ஆகஸ்டில் சான்ஷஸும் விலகினார். அவர்கள் இடத்துக்கு வந்த மேக்ஸ் வைன்பெர்க், ராய் பிட்டன் இருவரும் மகத்தான கலைஞர்கள். குழுவின் ஒலி இறுக்கமும் பெருமிதமும் கொண்டதாக மாறியது அவர்களால்தான். அந்த மாற்றத்தில் மறைந்துபோன ஓர் ஒலியும் உண்டு. 1973இன் இசை 1975இன் பக்குவப்படாத வடிவம் அன்று. வேறு கைகள் வாசித்த வேறு இசை அது. ‘பார்ன் டு ரன்’ வெற்றிக்குப் பிறகு மக்கள் தேடி வாங்கியதில், 1975இல் இரு பழைய ஆல்பங்களும் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் 60 இடங்களுக்குள் வந்தன.

நானும் அவரை 1984இன் ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ ஒலிநாடா மூலமே அறிந்தவன். முந்தைய ஆல்பங்களைக் கேட்க எனக்கு ஆண்டுகள் பிடித்தன. இன்றைய இளைஞர்களுக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. எனவே இத்தகைய கட்டுரைகளில் கலைஞரின் முதல் வெற்றியோடு முதல் ஆல்பத்தின் பெயரையும் அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இரண்டாம் ஆல்பத்தில் ‘சாண்டி’ என்று ரசிகர்கள் சுருக்கி அழைக்கும் பாடல் ஒன்று உண்டு. ஆஸ்பரி பார்க்கின் கடற்கரை நடைமேடையில், கோடை விடுமுறை நாளின் வாணவேடிக்கைக்குக் கீழே நடக்கும் அப்பாடலில் அக்கார்டியன் வாசித்தவர் டேனி ஃபெடரிசி. தோல் புற்றுநோய்க்கான சிகிச்சையில் இருந்த அவர், 2008 மார்ச் மாதம் இண்டியானாபொலிஸ் நகரில் கடைசி முறையாகக் குழுவோடு மேடையேறினார். எந்தப் பாடலை வாசிக்க விரும்புகிறாய் என்று ஸ்பிரிங்ஸ்டீன் கேட்டார். 35 ஆண்டு இசையிலிருந்து எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர் கேட்டது ‘சாண்டி’. அடுத்த மாதம் அவர் காலமானார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்