தோப்புக்கு எந்த டிராக்டர்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. டிராக்டருக்குப் பணம் அனுப்புகிறேன், 50 எச்.பி. சக்தியுள்ள வண்டியாகவே எடுங்கள் என்று நீ சொன்னதிலிருந்து உங்க அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று எனக்கும் சொல்வாய், அவருக்கும் சொல்வாய். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன்.

தோப்பு பெரிதாகிறது, வண்டியும் பெரிதாக இருக்கட்டும் என்பது உன் கணக்கு. ஏக்கர் கூடுவது உண்மைதான். ஆனால் மரமும் வளர்கிறதே. வளர வளர நடுவில் இருக்கிற வழி குறுகிக்கொண்டே வரும். வண்டி ஓடவேண்டியது அந்த வழியில்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு வைத்த தென்னைக்கு வரிசைக்கு வரிசை 25 அடி. மரத்தைச் சுற்றி ஆறு அடிக்குள் கலப்பை படக்கூடாது, வேலை செய்கிற வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு கழித்தால் மிச்சம் 13 அடி. அதிலும் நடுவில் கோகோ வைத்தாயிற்று. புதிதாக வாங்கிய மூன்று ஏக்கரில் கொய்யாவுக்கு வரிசை இடைவெளி 12 அடிதான். கிளையை வெட்டிக் கவாத்து பண்ணினாலும் இரண்டு பக்கமும் கிளை மூன்று, மூன்றரை அடி நீட்டும். அப்புறம் என்ன மிஞ்சும், நீயே கழித்துப் பார். 50 எச்.பி. வண்டி நின்றாலே ஆறு அடி அகலம்.

அப்பா ஒரு படி இறங்கி, "சரி, 35 எடுப்போம்" என்கிறார். வயலுக்கென்று செய்த 35-ம் அகலத்தில் அண்ணனுக்குத் தம்பிதான். எச்.பி.யைக் கேட்பதற்கு முன்னால் டயரின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு எத்தனை அடி என்று கேட்க வேண்டும். தோட்டத்துக்கென்றே வருகிற சின்ன வண்டிகள், மகிந்திரா ஜிவோ 245, குபோட்டா பி2441 இரண்டும் 24 எச்.பி., ஜான் டீர் 3028 28 எச்.பி., நாலு அடிக்குள் அடங்கிவிடும். நான் இரண்டு மூங்கில் கழியை நாலு அடி அகலத்துக்குக் கட்டி, வரிசை வரிசையாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கொய்யாவில் தாராளம். தென்னைப் பக்கமும் கழி இடிக்காமல் நுழைந்துவிட்டது, என் நெற்றியில்தான் மட்டை இடித்தது. அதனால் உயரமும் பார்க்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கிற சைலன்சர் நமக்கு ஆகாது, பக்கவாட்டில் கீழே இறங்குகிற மாதிரி வேண்டும்.

போன ஐப்பசியில் வாடகைக்கு ஒரு பெரிய வண்டி வந்தது. ஓட்டுகிற பையன் நல்லவன்தான், ஆனால் கோடியில் திருப்ப இடம் இல்லை. பின்னால் மாட்டியிருந்த, கத்தி சுழன்று மண்ணைக் கிளறுகிற ரோட்டவேட்டர் சொட்டுநீர்க் குழாயைக் கவ்வி, கத்தி முழுக்கச் சுற்றிக்கொண்டது. அறுத்து அறுத்து எடுத்தோம். குழாய் போனால் வாங்கிக்கொள்ளலாம். மட்கார்டு உரசி ஒரு இளமரத்தில் தோல் கிழிந்திருந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் போனால் அந்த இடத்தில் பழுப்பாய் நீர் வடிந்து, ஓட்டையில் சப்பின நார் தள்ளியிருக்கிறது. காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக் என்கிறது. சிவப்புக் கூன்வண்டு. காயத்து வாடைக்குத்தான் அது தேடி வரும். ஆறு வருஷம் வளர்த்த மரம்.

எடையும் இருக்கிறது. பெரிய வண்டி இரண்டு டன். மழைக்காலத்தில் ஈர மண்ணில் அதே தடத்தில் போய்வந்தால் அடிமண் இறுகி, தண்ணீர் இறங்காமல் நிற்கும். நம் மேட்டுச் செம்மண் பரவாயில்லை, வாய்க்காலை ஒட்டிய களிமண் தாங்காது. சின்ன வண்டி ஏறக்குறைய ஒரு டன்தான். நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி எடுத்தால் ஈரத்திலும் வழுக்காது.

அப்பா பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேங்காயை நாமே டிரெய்லரில் ஏற்றிப் பேராவூரணிக்குக் கொண்டுபோகலாம் என்கிறார். உரிக்காமல் 2000 காய் என்றால் இரண்டரை டன்னுக்குக் குறையாது. சின்ன வண்டி அதை இழுத்துக்கூட விடும். கல்லணைக் கால்வாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பிடித்து நிறுத்த வேண்டுமே! ஒரு டன் வண்டியை இரண்டரை டன் பின்னாலிருந்து தள்ளும். அது வேண்டவே வேண்டாம். வியாபாரி லாரியோடு களத்துக்கே வருகிறார், மரத்தடியிலிருந்து களம் வரைக்கும் அரை டன் அரை டன்னாக இழுத்தால் போதும். கீழ வயல் சேற்றுழவுக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்ட பெரிய வண்டிதான் வேண்டும், ஓலை மட்டை அரைக்கிற இயந்திரத்துக்கும் அப்படித்தான். இரண்டும் வருஷத்தில் சில நாள் வேலை. ஊரில் வாடகைக்குக் கிடைக்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறையும் உழவன் செயலி வழியாக வாடகைக்குத் தருகிறது. சில நாளுக்காக வருஷம் முழுக்கத் தவணை கட்டுவானேன்?

என் முடிவு, 28 எச்.பி., நாலு சக்கர இழுவை, நாலு அடி ரோட்டவேட்டர். 24-லேயே நிறுத்தலாம். ஆனால் இன்ஜினில் 28 இருந்தால்தான் பின்னால் கருவிகளைச் சுழற்றுகிற தண்டுக்கு, அதாவது பி.டி.ஓ.வுக்கு, 22, 23 வந்து சேரும். கொய்யா காய்ப்புக்கு வந்ததும் மருந்து அடிக்கிற பெரிய டாங்க் மாட்டினால் அந்த மிச்சம் உதவும். ரோட்டவேட்டரை ஐந்து அடியாகக் கொடுக்கிறேன் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். வண்டி திணறும், டீசல் குடிக்கும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. அரசு மானியத்தில் பெண் விவசாயிக்கு 50 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. புது மூன்று ஏக்கருக்குப் பட்டா என் பெயரில்தான் இருக்கிறது, அதை அப்பாவுக்கு நீ ஒருமுறை நினைவுபடுத்து. மனு போட்டு அனுமதி வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு முன்பணம் கட்டிவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். ஆகவே பணத்தை இப்போது அனுப்பாதே. அனுமதி வந்ததும் சொல்கிறேன், என் கணக்கில் போடு.

அன்புடன்,
அம்மா