இலங்கையில் கருக்கலைப்பைத் தடுக்கும் 303ஆம் பிரிவை எப்போது திருத்தப் போகிறீர்கள்?

பெண் பாராளுமன்ற உறுப்பினர்களின் ஒன்றியத்துக்கு,

வணக்கம். கட்சி பார்க்காமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். 2024 நவம்பரில் 20க்கும் மேற்பட்ட பெண்கள் ஒரேயடியாகப் பாராளுமன்றம் போனதை ரிவியில் பார்த்துவிட்டு என் அம்மா, "இனியாவது எங்கட கதை எடுபடும்" என்றார். அந்த நம்பிக்கையில் ஒரு கதை சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் உள்ள அக்கா ஒருவருக்கு ஐந்தாம் மாத ஸ்கானில் பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் சில மணித்தியாலம்தான் என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். அப்போ கலைத்துவிடலாமா என்று கேட்டதற்கு, உங்கள் உயிருக்கு ஆபத்தில்லையே, சட்டம் விடாது என்றாராம். அவரில் பிழை இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு ஏற்கும் ஒரே காரணம் தாயின் உயிரைக் காப்பது. மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, பிள்ளை அசையத் தொடங்கிவிட்டால் ஏழு வருடம் வரை, தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் அதே பிரிவுதான்.

ஆகவே அவர் சுமந்தார். மாதாமாதம் கிளினிக்குக்குப் போனார், நிறை பார்த்து கார்ட்டில் குறித்தார்கள், திரிபோஷா சத்துமாப் பைக்கற்றைக் கையில் கொடுத்தார்கள். வாங்கில் பக்கத்தில் இருந்தவர்கள் "என்ன பேர் வைக்கப் போறீங்கள்" என்று கேட்கும்போதெல்லாம் சிரித்துச் சமாளித்தாராம். பிள்ளை பிறந்து அன்றைக்கே போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது பால் கட்டிய வலிக்குக் கோவா இலையை வைத்துக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

இந்தச் சட்டம் 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. அவனே தன் நாட்டில் 1967இல் மாற்றிவிட்டான், நாங்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறோம். 1995இல் திருத்தப் பார்த்து, கருக்கலைப்புப் பகுதியை மட்டும் கைவிட்டார்கள். அதே வருடம்தான், பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாலும் அது வல்லுறவுதான் என்று சட்டம் வந்தது. சம்மதம் சொல்லும் வயதில்லை, சரி. அந்தப் பிள்ளை கர்ப்பமானால் தாயாகும் வயது மட்டும் எங்கிருந்து வந்தது? 2017இல் வல்லுறவுக்கும், பிழைக்க வழியில்லாத கருவுக்குமாவது விலக்குத் தர ஒரு முயற்சி நடந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்ததும் அதுவும் கிடப்பில் போனது.

மதத்தலைவர்களுக்குப் பயந்து தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான். வேண்டாம் என்பவர் செய்யாமல் இருக்கட்டும், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. காசுள்ளவர்கள் இப்போதும் பிளேன் ஏறி இந்தியா போய்ச் செய்துகொண்டு வருகிறார்கள், அங்கே 1971இலிருந்தே சட்டம் இருக்கிறது. கடன் வாங்கி ஸ்கான் எடுத்த அக்கா எங்கே போவார்? அப்புறம், பின் அறையில் யாரோ எதையோ வைத்து, இரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிறவர்களும் இவரைப் போன்றவர்கள்தான்.

முழுச் சட்டத்தையும் நாளைக்கே மாற்றச் சொல்லவில்லை. 2017இல் கைவிட்ட அந்த இரண்டு விலக்கையும் மறுபடி கையில் எடுங்கள், எந்த மாதம் சபைக்குக் கொண்டுவருவீர்கள் என்று சொல்லுங்கள். பதில் அனுப்பினால் தயவுசெய்து தமிழிலும் அனுப்புங்கள். அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.