மாவு ரசமாகிப் போன கதை

கீதா,

போட்டோ பார்த்தேன். ரொட்டி நடுவில் எலி குடைந்த மாதிரி இரண்டு பெரிய ஓட்டை, சுற்றிலும் கத்தியில் ஒட்டுகிற களி. "ராத்திரி பூரா வெச்சதுல ரொம்பப் புளிச்சிடுச்சோ"ன்னு கேட்டிருக்கிறாய். இல்லடி, உன் மாவு போதுமான அளவு புளிக்கவே இல்லை. அதிகம் புளித்தால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேள், அதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவள்.

நீ கொடுத்த சவர்டோ கணக்குதான், கடை ஈஸ்ட் போடாமல் புளித்த மாவை வைத்தே எழுப்புகிற ரொட்டி. 500 கிராம் மைதா, 350 தண்ணீர், 100 ஸ்டார்ட்டர் (முன்னாலேயே புளிக்க வைத்திருக்கிற மாவு), 10 உப்பு, மேடைமேல் 8 மணி நேரம். போன சித்திரையில் அதை அட்சரம் பிசகாமல் மதுரையில் செய்தேன், அடுப்படியில் 35 டிகிரி. காலை ஆறு மணிக்குப் பிசைந்து வைத்துவிட்டு, ஸ்கூலுக்குப் போய் இரண்டு மணிக்கு வந்து துணியை எடுத்தால் சட்டியில் ரசம். மேலே நுரை, கள்ளுக்கடை வாசம். உருட்டப் போனால் முழங்கை வரைக்கும் ஏறுகிறது, இழுத்தால் நூல்நூலாக அறுகிறது, மேலே மைதா தூவிச் சமாளிக்கப் பார்த்தேன், கொத்தனார் குழைத்த சாந்து மாதிரி ஆனதுதான் மிச்சம். புளிப்பு ஏற ஏற மாவிலேயே இருக்கிற என்சைம், மாவுக்கு இழுவை கொடுக்கிற குளுட்டன் என்ற புரதத்தை அறுத்துவிடுகிறது, அப்புறம் காற்றைப் பிடித்து வைக்க ஏது வலை? அந்த நிலைக்குப் போன மாவை எத்தனை தடவை மடித்தாலும் தேறாது. வெங்காயம், பச்சைமிளகாய் அரிந்து போட்டு தோசை ஊற்றினேன், சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது.

நான் ஸ்டார்ட்டர்மேல்தான் பழி போட்டேன். பழசைக் கொட்டிப் புதுசு வளர்த்தேன், குழாய்த் தண்ணீரில் குளோரின் என்று கேன் தண்ணீர் வாங்கினேன். ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்து, "சித்திரை மாசத்துல இட்லி மாவை எட்டு மணி நேரம் வெளிய வெப்பியாடி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மார்கழியில் மாவுச்சட்டிக்குப் போர்வை சுற்றுகிற வீட்டில் பிறந்துவிட்டு, 22 டிகிரி அடுப்படிக்காரர் எழுதிய மணிக்கணக்கை நம்பியிருக்கிறேன் பார்.

இப்போது வெயில் காலத்தில் ஸ்டார்ட்டர் 50 கிராம்தான், தண்ணீர் ஐஸ் போட்டது, மூன்று, மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கடிகாரத்துக்குப் பதில் ஒரு டம்ளர். பிசைந்ததும் ஒரு துண்டு மாவை நேர்ச்சுவர் உள்ள கண்ணாடி டம்ளரில் அமுக்கி, மட்டத்துக்கு ரப்பர் பேண்ட் போடு, அதைச் சட்டிப் பக்கத்திலேயே வை. நீ பாதி அளவு கூடும்வரை விடலாம். நான் மூன்றில் ஒரு பங்கு ஏறினதுமே உருட்டி ஃபிரிட்ஜில் தள்ளிவிடுகிறேன், ஏனென்றால் சூடான மாவு உள்ளே போன பிறகும் சட்டென்று அடங்காது, பொங்கிக்கொண்டே இருக்கும்.

உனக்கு வேண்டியது சூடு. ராத்திரி ஹீட்டரைக் குறைத்து 17 டிகிரியில் தூங்கினால் மாவும் தூங்கத்தானே செய்யும்? ஓவனை மூட்டாமல் லைட்டை மட்டும் போட்டு உள்ளே வை, ஒரு தெர்மாமீட்டரும் வை, 25, 26 இருந்தால் போதும். (கதவில் ஒரு சீட்டு ஒட்டு, உன் வீட்டுக்காரர் பீட்சாவுக்கு ஓவனைப் போட்டுவிடப் போகிறார்.) ஈர விரலால் குத்திப் பார். பள்ளம் சட்டென்று நிமிர்ந்தால் இன்னும் நேரம் கொடு, மெதுவாகப் பாதி எழும்பினால் சரி, அப்படியே நின்றால் என் கதை.

ஆட்டா கலப்பது பற்றிக் கேட்டிருந்தாய். கால் பங்குக்கு மேல் வேண்டாம், தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், வாய் மட்டும் குறையவில்லை. சின்னவள் பிளஸ் டூ பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறாள், அதனால் வீட்டில் டிவி கிடையாது, ரொட்டி மட்டும் உண்டு.

சனிக்கிழமை சுட்டால், வெட்டும் முன் இரண்டு மணி நேரம் ஆறவிடு. சூட்டோடு வெட்டினால் நல்ல ரொட்டியும் களிதான், அப்புறம் எது தப்பு என்று எனக்கும் சொல்லத் தெரியாது. குறுக்கே வெட்டி, வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ அனுப்பு.

உன்
மாலா