எடைக்குப் போடாதே

மண்டபம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, வெயில் தாழ்ந்ததும் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறாள். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, நாட்டுப்படகுகள் பாதி நாள் கரையில்தான். பாசி எடுக்கும் பெண்கள் குழுவின் வரவு செலவு இப்போது என் வீட்டுக்காரி கையில். அதனால் எங்கள் பழைய கணினிக்கும் வேலை வந்துவிட்டது.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, 11 ஏற மறுக்கிறது, லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடவா என்று கேட்டிருந்தாய். போடாதே. 2025 அக்டோபர் 14-ஓடு பத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது உண்மைதான். பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எங்களுடையது நாலாம் தலைமுறை ஐ3. ஆனால் அதில் ஒரு பாகமும் கெடவில்லையே! நல்லபடியாக ஓடுகிற பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட்டேன்.

முதலில் கேபினட்டைத் திறந்தேன். இங்கே உப்புக்காற்றுக்கு எந்த உலோகமும் தப்பாது. ரேமைக் கழற்றிப் பார்த்தால், அடியிலுள்ள தங்க நிறக் கோடுகள் மங்கிப் பூத்திருந்தன. பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கிளிப் இரண்டும் 'டக்'கென்று விழும் வரை அழுத்திச் செருகினேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு அதன் இடத்தில் ஒரு எஸ்எஸ்டி, அதாவது வேகமான புதுவகை டிஸ்க், மாட்டினேன். செலவு அவ்வளவுதான். பழைய படங்களெல்லாம் அந்த டிஸ்க்கில் அப்படியே இருக்கின்றன.

மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பை எடு, பழைய மெஷினுக்கு அதுதான் இலகு. 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். இணையத்திலிருந்து இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ மூன்று ஜிபி. அதை எட்சர் என்ற மென்பொருள் மூலம் பென்டிரைவில் எழுது. பென்டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதாகப் பார்த்து எடு. பிறகு பூட் மெனுவில் (எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும் பட்டியல்) அதைத் தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் முழுசாக ஓடும். இந்த வசதிக்காகவே லினக்ஸைக் கும்பிடலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துப் பார். வைஃபை எடுக்காவிட்டால் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடு, போனின் இணையம் கணினிக்கு வரும். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு இன்ஸ்டாலைத் தொடு.

உன் நிலைமை கொஞ்சம் வேறு. உனக்கு டாலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது லினக்ஸில் நேரடியாக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கனும் தகராறு செய்யலாம். ஆகவே விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே மின்ட்டை நிறுவு. ஆனதும் லேப்டாப்பைப் போடும் ஒவ்வொரு முறையும் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அதற்கு முன்னால், கணக்கையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடு. விண்டோஸில் சீக்கிரம் தொடங்குவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியை அணைத்துவிடு. இல்லாவிட்டால் டிஸ்க்கைப் பாதி பூட்டிய நிலையிலேயே வைத்திருக்கும், லினக்ஸிலிருந்து அதில் எழுத முடியாது. டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வை. டிஸ்க்கை இரண்டு இயங்குதளத்துக்கும் பார்ட்டிஷனாகப் பிரிக்கும் நேரத்தில் கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதே.

எனக்குப் பெரிய சந்தோஷம் தமிழ்தான். ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவினால் தமிழ்99 வந்துவிடுகிறது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற அதே விசைப்பலகை: இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். தங்கிலீஷில் தட்டிப் பழகியவர்களுக்கு, ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாகும் ஃபொனெடிக்கும் இருக்கிறது. வீட்டுக்காரி எக்செல் போன்ற இலவச லிப்ரே ஆபிஸ் கால்க்கைத் திறந்து, உறுப்பினர் பெயர், காய்ந்த பாசியின் எடை, முன்பணம் எல்லாவற்றையும் தமிழிலேயே பதிகிறாள். குழுப் பெண்கள் திரையைப் பார்த்துத் தங்கள் பெயரைத் தாங்களே வாசித்துக் கணக்குக் கேட்கிறார்கள். யாரையும் நம்பி நிற்க வேண்டியதில்லை, காசும் கட்டவில்லை, திருட்டு நகலும் இல்லை. இதை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் லேப்டாப்பின் மாடல் எண், ரேம் எவ்வளவு, வைஃபை கார்டு எந்தக் கம்பெனி, இந்த மூன்றையும் எழுதி அனுப்பு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கும். பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்